பதினோரு நிமிடச் சோதனை

பழைய கார்கள் விற்கும் அந்த யார்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரவுண்டு என்பார்கள். உடம்பு உருண்டையாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒல்லியான, தோள் கொஞ்சம் முன்பக்கம் வளைந்த, ஐம்பத்து மூன்று வயது மனிதர். வாங்க வருகிறவர்களை வண்டியில் ஏற்றி ஒரு ரவுண்டு அடித்துக் காட்டுவது அவர் வேலை. ஒன்பது வருடமாக அதையே செய்துவந்ததால் வேலையே பெயராகிவிட்டது.

ரவுண்டு என்றால் நினைத்த வழியில் போவதல்ல. வழி முதலாளி வகுத்தது. பின்பக்கக் கேட்டில் வெளியேற வேண்டும். இடது பக்கம் திரும்பி, குடோன்கள் வரிசையாக நிற்கும் அகலமான தெருவில் போக வேண்டும். பெட்ரோல் பங்கில் மறுபடி இடது. ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி மறுபடி இடது. முன்பக்கக் கேட்டில் உள்ளே. முழுக்கச் சமதளம், வழவழவென்று தார் போட்ட ரோடு, ஒரே ஒரு சிக்னல். மெதுவாகப் போனாலும் பதினோரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

முதலில் வழி இப்படி இல்லை. பங்கில் திரும்பாமல் நேராகப் போய், மேட்டு ரோட்டில் ஏறி, உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் முதலாளி, "இனிமே மேட்டுப் பக்கம் போகாதே" என்றார். ஏன் என்று ரவுண்டு கேட்டார்.

"பெட்ரோலை உங்கப்பாவா ஊத்துறார்?"

அது நியாயமான பதிலாகத்தான் தோன்றியது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

வாங்க வருகிறவர்களும் அதிகம் கேட்பதில்லை. கதவைத் திறந்து மூடிச் சத்தத்தைக் கவனிப்பார்கள். டயரைக் காலால் உதைப்பார்கள். நம்பர் பிளேட்டில் இருக்கும் எண்களைக் கூட்டிப் பார்த்து, எட்டு வந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். அத்தனை கவனமாகக் கூட்டத் தெரிந்தவர், கியர்பாக்ஸைக் கடைசியாக யார், எப்போது திறந்து பார்த்தார்கள் என்று கேட்கமாட்டார். "யார் ஓட்டின வண்டி?" என்று மட்டும் கேட்பார். "லேடி டாக்டர் ஓட்டினது சார். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான்" என்று பதில் தயாராக இருக்கும். யார்டில் நின்ற அறுபது வண்டிகளில் குறைந்தது நாற்பது லேடி டாக்டர் ஓட்டியவை. "இத்தனை டாக்டர் இருந்தும் ஊர்ல ஒருத்தருக்கும் இருமல் நிக்கல பாருங்கண்ணே" என்று யார்டு மெக்கானிக் சொல்வார்.

அங்கே மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக விற்றது ஒரு குட்டி எஸ்யூவி. பார்க்கப் பெரிய வண்டி, நிறுத்தச் சின்ன வண்டி. சீட் உயரம் என்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்குப் பிடிக்கும். கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோமேடிக் கியர். அதன் சில்லறை நோய்கள் ரவுண்டுக்கு அத்துப்படி. பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரத்துப் பக்கம் டொக்கு டொக்கென்று அடிக்கும். மழைக்கு மறுநாள் பின் பிரேக் கீச்சிடும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் போகும் பிளாஸ்டிக் மூட்டில் ஈரம் கசியும். டேஷ்போர்டில் இருக்கும் திரை சில சமயம் உறைந்துபோய், பின்னால் இருக்கும் சுவரைக் காட்ட வேண்டிய நேரத்தில் பாட்டுப் பட்டியலைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் கைவைத்தியம் உண்டு. நல்ல தார் ரோட்டில் அடிசத்தம் வராது. ஆள் வருவதற்கு முன் நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் கீச்சு அடங்கிவிடும். கசிந்த இடத்தைத் துணியால் துடைத்தால் அன்று முழுக்கச் சுத்தம். விருந்தாளி வரும்போது வீட்டைக் கூட்டுவதில்லையா, அது மாதிரிதான் என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தார்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. விற்ற வண்டிக்கு ஆறு மாத காரண்டி. அதற்குள் குறை என்று யாராவது வந்தால், வண்டியை ஓட்டிப் பார்த்துச் சோதனைச் சீட்டு எழுதுவார். மூன்று நகல் விழும் சீட்டு. கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று, குறை தென்படவில்லை. இன்னொன்று, குறை உண்டு. குறை உண்டு என்றால் யார்டு தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஓட்டிப் பார்க்கும் வழி அதே வழிதான். அதே பதினோரு நிமிடம். வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது என்று குட்டி எஸ்யூவி வாங்கியவர்கள் பலர் வந்தார்கள். ஒருத்தர்கூட இரண்டாவது கட்டத்தில் டிக் வாங்கிப் போனதில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி இரண்டு தடவை வந்தார். இரண்டாவது தடவை பங்குப் பக்கம் திரும்பும்போது ஸ்டியரிங்கையே பிடித்துவிட்டார்.

"மேட்டுல ஏத்துங்கன்னுதானே சொல்றேன்? அங்கதான் நிக்குது. சமதளத்துல நிக்குதுன்னு நான் சொன்னேனா?"

"ரூட் இதுதாம்மா."

"பல் வலிக்குதுன்னு வந்தா காலைத் தடவிப் பாத்து அனுப்புவீங்களா?"

"நான் என்னம்மா செய்யறது, ரூட் இதுதான்."

குறை தென்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார். பொய் எழுதுகிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கண்ணால் கண்டதை எழுதினார். எதைக் காண்பது என்பதை வேறொருவர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், ஆயுசு முழுக்கப் பொய் சொல்லாமலே பொய்யனாக வாழ்ந்துவிடலாம்.

அவரே ஏமாந்ததும் இதனால்தான். ஐந்து வருடத்தில் அந்த மாடலை ஆயிரம் தடவைக்கு மேல் ஓட்டியிருப்பார். அவர் கையில் ஒருமுறைகூட நின்றதில்லை. புகார் சொல்கிறவர்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று உண்மையாகவே நம்பினார். அதனால் மகளுக்கு வண்டி தேவைப்பட்டபோது யோசிக்காமல் யார்டிலிருந்து அதையே எடுத்தார்.

மகளுக்கு இருபத்து நாலு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் வேலை. காலை ஐந்தரைக்கு முதல் வீடு, பிறகு வரிசையாக ஏழு எட்டு வீடுகள். சர்க்கரை நோயாளிகள், படுக்கையில் கிடப்பவர்கள், ஊசியைக் கண்டதும் கத்தும் குழந்தைகள். ஐஸ் வைத்த இரண்டு பெட்டிகளில் குழாய்களை அடுக்கி, மேட்டின் உச்சியில் இருக்கும் கூடத்தில் எட்டரை மணிக்குள் சேர்க்க வேண்டும். நேரம் தப்பினால் அந்த ரத்தம் வீண். மறுபடி அதே கிழவியின் கையில் குத்த வேண்டும். சொந்தமாகக் கார் உள்ளவர்களுக்கே வேலை என்பது கூடத்தின் விதி. முதல் ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் மூன்று தடவை தாமதமானால் நிறுத்திவிடுவார்கள். வண்டியும் அவர்கள் தருவதில்லை, வண்டி நின்றால் மன்னிப்பும் தருவதில்லை.

முதல் தடவை நின்றது மூன்றாவது வாரம். மேட்டு ரோட்டில் பள்ளி நேரத்து நெரிசல். வண்டிகள் ஒரு முழம் நகர்வதும் நிற்பதுமாக இருந்தன. பாதி மேட்டில் ஒரு நடுக்கம். திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை, கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, நிறுத்தவும் என்று. ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. இருபது நிமிடம் கழித்து எதுவும் நடக்காதது போல வண்டி கிளம்பியது. கூடத்தில் பதிவேட்டை வைத்திருக்கும் மேற்பார்வையாளர் அவள் பெயருக்கு எதிரில் ஒரு கோடு போட்டார்.

மாலையில் ரவுண்டு வண்டியை எடுத்துத் தெருவைச் சுற்றி வந்தார். பஞ்சு மாதிரி ஓடியது.

"வண்டி நல்லாத்தாம்மா இருக்கு. நீதான் ஆக்சிலேட்டரை அமுக்கி அமுக்கி ஓட்டுற."

"அப்பா, நான் அமுக்கல. முன்னாடி வண்டி நகர்ந்தா நானும் நகர்ந்தேன். அவ்வளவுதான்."

"ஒன்பது வருஷமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?"

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் மனைவி, துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு? வீட்டு மிக்ஸி நின்னப்பவும் நான்தான் அமுக்கி அமுக்கி அரைச்சேன்னு சொன்னீங்க. உள்ள வயர் எரிஞ்சு கிடந்தது" என்றாள்.

இரண்டாவது தடவை நின்றது பத்து நாள் கழித்து, அதே மேட்டில். இரண்டாவது கோடு விழுந்தது. மகள் அழவில்லை. பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இன்னொரு கோடுதான்பா பாக்கி" என்று மட்டும் சொன்னாள். இனியும் காலம் தாழ்த்த முடியாது என்று ரவுண்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் யார்டில் மெக்கானிக்கை ஓரமாக அழைத்துக் கேட்டார். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ரவுண்டை உற்றுப் பார்த்தார்.

"என்னண்ணே, விளையாடறீங்களா?"

"விளையாட்டு என்னப்பா? பொண்ணு வண்டி நின்னுடுச்சு."

"அது நிக்கத்தான் செய்யும். உள்ள ரெண்டு கிளட்ச். ஊர்ந்து ஊர்ந்து போனா ரெண்டும் தேய்ஞ்சு சூடாகும். மேடா இருந்தா இன்னும் சீக்கிரம். வண்டி பழசாகப் பழசாக மோசமாகும். அரைமணி நேரம் நெரிசல்ல போட்டுப் பாத்தா குட்டு வெளிப்பட்டுடும். அதனாலதானே ரூட்டையே மாத்தினாங்க?"

"பெட்ரோல் செலவுன்னு..."

"பெட்ரோலா!" மெக்கானிக் சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "உங்களுக்கு நிஜமாவே தெரியாதாண்ணே? தெரிஞ்சுதான் ஓட்டுறீங்கன்னு யார்டே நினைச்சுக்கிட்டிருக்கு. பொண்ணுக்கு அதையே எடுத்தப்ப, கிளட்ச் மாத்தின வண்டியாப் பாத்து எடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

"நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே."

முதலாளியின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ரவுண்டு நின்றபடி விஷயத்தைச் சொன்னார். முதலாளி பொறுமையாகவே கேட்டார். கெட்டவர்கள் எல்லோரும் மேசையைக் குத்துவார்கள் என்பது கதைகளில்தான்.

"காரண்டி இருக்கில்ல? சோதனை போட்டுடுவோம். உனக்கு இல்லாததா?"

"மேட்டுல ஏத்திப் பாக்கணும் சார்."

"ரவுண்டு, உனக்குன்னு தனியா ஒரு ரூல் போட முடியுமா? நாளைக்கு இன்னொருத்தன் வந்து, உங்க ஆளுக்கு மட்டும் மேட்டுல ஏத்தினீங்களே, எனக்கும் ஏத்துன்னு நிப்பான். எல்லாருக்கும் ஒரே சோதனைதான். நியாயம்னா நியாயமா இருக்கணும்."

அநியாயத்தைக் குறையாமல் எல்லோருக்கும் பங்கு வைத்தால் அது நியாயமாகிவிடும் என்பது முதலாளியின் சட்டம். இந்தச் சட்டத்தில் பல அலுவலகங்கள் இன்றும் நன்றாகவே நடக்கின்றன.

ரவுண்டு தன் வண்டியைத் தானே ஓட்டினார். குடோன் தெரு, பங்கு, ஆஸ்பத்திரிச் சுவர். பங்கில் சிக்னலுக்கு நின்றபோது நேராகப் பார்த்தார். மேட்டு ரோடு தெரிந்தது. நடுவில் பேருந்து ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு ஏறியது. ஸ்டியரிங்கைத் திருப்பாமல் விட்டால் போதும். ஐம்பத்து மூன்று வயதில் வேறு எங்கே வேலை தேடுவது? கை பழகிய பக்கம் திரும்பியது. பத்து நிமிடம் நாற்பது வினாடி. ஒரு சின்ன உதறல்கூட இல்லை.

சீட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஓட்டியவர் ஒன்று, வாடிக்கையாளர் ஒன்று. இரண்டும் அவர்தான்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே, ரெண்டாவதைக் கொஞ்சம் சாய்ச்சுப் போடு" என்றார் முதலாளி. அது நகைச்சுவை. அறையில் இருந்த கணக்குப் பிள்ளை சிரித்தார். ரவுண்டும் லேசாகச் சிரித்துவைத்தார். குறை தென்படவில்லை என்று, தன் மகளுடைய வண்டிக்கு எதிராக, நேராக ஒன்றும் சாய்வாக ஒன்றுமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

வீட்டில் மகள் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தாள்.

"எவ்வளவு நேரம் ஓட்டின?"

"பதினோரு நிமிஷம்."

"எப்ப நிக்குதுன்னு நான் சொன்னேன்?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"இது டெஸ்ட் இல்லப்பா. சாப்பிட்டா சர்க்கரை ஏறுதுன்னு ஒருத்தர் சொன்னா, பட்டினி போட்டு ரத்தம் எடுத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு எழுதுவாங்களா? அப்படி எழுதினா என் வேலை போயிடும். உனக்கு அதுதான் வேலையே." சீட்டை மேசைமேல் வைத்தாள். "இந்த மாதிரி எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்க?"

"ஞாபகம் இல்லம்மா."

"அவங்கெல்லாம் நிக்குதுன்னு சொன்னப்ப நம்பல. நான் சொன்னப்பவும் நம்பல. மெக்கானிக் சொன்னப்புறம்தான் நம்பின. அப்படித்தானே?"

"விடும்மா" என்றாள் மனைவி.

"ஏம்மா விடணும்? ரூட்டை மாத்தினது எப்பன்னு கேளு. அஞ்சு வருஷம் முன்னாடி. இந்த வண்டி யார்டுக்கு வர ஆரம்பிச்சது எப்பன்னு கேளு. அதுவும் அஞ்சு வருஷம் முன்னாடி. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கறதுக்கு இவருக்கு நேரமே கிடைக்கலையா?"

ரவுண்டுக்கு நேரம் கிடைத்திருந்தது. ஒரு நாளைக்கு எட்டு ரவுண்டு, ஒவ்வொன்றுக்கும் பதினோரு நிமிடம்; யோசிக்கத் தடையில்லாத ரோடு. யோசித்தால் வேலை செய்ய முடியாது என்று உள்ளே ஏதோ ஒன்று முன்பே முடிவுகட்டியிருந்தது. சிந்திக்காமல் இருக்க ஆண்டவனோ தலைவிதியோ தேவையில்லை. மாதாமாதம் வரும் சம்பளமே போதும்.

அடுத்த நாளிலிருந்து காலை வேளையில் மகளோடு அவரே போய் வண்டியை ஓட்டினார். ஏசியை அணைத்துவிடுவார். நெரிசலில் முன்வண்டிக்குப் பின்னால் ஊராமல், நான்கு வண்டி நீளத்துக்கு இடம் விழும்வரை நின்று, ஒரே மூச்சில் போய் மறுபடி நிற்பார். இடைவெளியில் ஆட்டோக்கள் புகுந்தன. பின்னால் இருந்தவர்கள் ஜன்னலை இறக்கித் திட்டினார்கள். "யோவ், தூங்கறதுன்னா வீட்டுல போய்த் தூங்கு!" மேட்டுக்குக் கீழே ஐந்து நிமிடம் எஞ்சினை அணைத்து வைப்பார். அப்படியாக நான்கு நாள் எட்டரைக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு காரை வைத்துக்கொண்டு, இழுப்பு நோய்க்காரரைக் கைபிடித்து மாடி ஏற்றுவது போல ஏற்றினார்கள்.

ஐந்தாம் நாள் மேட்டு ரோட்டின் ஒரு பக்கத்தைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். எதிரே வருவதும் ஏறுவதும் ஒரே தடத்தில். நின்று போக இடமில்லை. ஊர்ந்தே ஆக வேண்டும். எட்டு பதினாலுக்கு நடுக்கம் வந்தது. எட்டு பதினாறுக்குத் திரை சிவந்தது.

மகள் கதவைத் திறந்தாள். பின்சீட்டிலிருந்து இரண்டு பெட்டிகளையும் எடுத்து, கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பெட்டி ஒவ்வொன்றும் ஆறு கிலோ. குலுங்கினால் ரத்த அணுக்கள் உடைந்து ரத்தம் வீணாகிவிடும் என்பதால் ஓடக் கூடாது. அவள் வேகமாக, கைகளை அசைக்காமல், நடந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரவுண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மண் குவியலைத் தாண்டி, பேருந்துக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து, அவளுடைய நீலச் சட்டை மேலே போய்க்கொண்டே இருந்தது. ஒரு தடவை நின்று பெட்டிகளைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்கினாள். மறுபடி தூக்கினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது எட்டு முப்பத்தாறு. மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தானாம். "ரத்தமெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, ஆனா மூணாவது கோடு விழுந்துடுச்சே, நான் என்ன செய்ய?" என்றாராம். கையுறைகளையும் அடையாள அட்டையையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள்.

மகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு ரவுண்டு யார்டுக்கு வந்தார். ஒருமணிநேரத் தாமதம். அவருக்கு யாரும் கோடு போடவில்லை. ஒரு திட்டோடு போயிற்று. பிற்பகல் மூன்று மணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரம்மா மூன்றாவது தடவையாக வந்தார்.

"இன்னையோட காரண்டி முடியுது. தெரிஞ்சுதான் வந்தேன். என்ன எழுதுவீங்கன்னும் தெரியும். எழுதிக் கொடுங்க, ஃபிரேம் போட்டு என் கடையில மாட்டி வைக்கறேன்."

ரவுண்டு சீட்டுப் புத்தகத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார். குடோன் தெரு. பங்கில் சிக்னல் விழுந்தது. பச்சை வந்ததும் அவர் திரும்பவில்லை.

அந்த அம்மா முதலில் கவனிக்கவில்லை. கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தவர், வண்டி மேல்நோக்கிச் சாய்ந்ததும் நிமிர்ந்தார்.

"ரூட் இதில்லையே?"

"இதுதாம்மா ரூட். அஞ்சு வருஷம் முன்னாடி வரைக்கும் இதுதான்."

குழாய் வேலை நடக்கும் இடத்துக்கு முன்னால் நெரிசலில் சேர்ந்தார்கள். அவர் எந்த வித்தையும் செய்யவில்லை. முன்வண்டி நகர்ந்தால் நகர்ந்தார், நின்றால் நின்றார். மற்றவர்கள் எப்படி ஓட்டுவார்களோ அப்படி. பதினெட்டாவது நிமிடத்தில் நடுங்கியது. இருபத்து மூன்றாவது நிமிடத்தில் திரை சிவந்து வண்டி நின்றது. அபாய விளக்கைப் போட்டுவிட்டு, புத்தகத்தை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தார். இடம், நேரம், எத்தனை நிமிடம் ஓடியது, திரையில் வந்த வாசகம். அதை எழுத்துக்கு எழுத்து நகல் எடுத்தார். இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார். பேனா சரியாக அழுந்தவில்லையோ என்று அதன்மேலேயே மறுபடி ஒன்று போட்டார்.

"இதை ஏன் போன தடவை எழுதல?"

"போன தடவை என் வண்டி நிக்கலம்மா."

அவருக்குச் சொல்லக்கூடிய உண்மை அவ்வளவுதான் இருந்தது. அந்த அம்மா கைப்பையை மூடினார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. ஊர்ல ஒவ்வொருத்தர் வண்டியா நின்னு, கடைசியில உங்களுது நின்னாத்தான் உங்களுக்குக் கண்ணு தெரியும்போல." பிறகு சீட்டை எட்டிப் பார்த்து, "எழுத்து பொடியா இருக்கு. பெருசா எழுதுங்க. உங்க முதலாளி படிக்க முடியலன்னு சொல்லிடக் கூடாது" என்றார்.

ரவுண்டு பெரிதாக எழுதினார். அந்த அம்மாவுக்கான நகலைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தார். அந்த அம்மா சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டார், பிறகு திரையை, பிறகு ரோட்டை. கியர்பாக்ஸ் ஆறுவதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் அவர்களைக் கடந்துபோனவர்களில் பாதிப் பேர் இருவரையும் சேர்த்தே திட்டினார்கள்.

முதலாளி சீட்டைப் படித்துவிட்டு அந்த அம்மாவிடம் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. கிளட்ச் மாற்றித் தருகிறோம், இரண்டு வாரம் ஆகும் என்றார். அவர் போன பிறகு கதவைச் சாத்தினார்.

"ஏன்யா, உனக்கு என்ன குறை வச்சேன்?"

"சீட்டுல எழுதியிருக்கு சார்."

முதலாளி கையை நீட்டினார். ரவுண்டு சீட்டுப் புத்தகத்தையும் சாவிக்கொத்தையும் கொடுத்தார். நாளையிலிருந்து வண்டி கழுவும் இடத்தில் வேலை. விருப்பமில்லை என்றால் வரவேண்டாம். வெளியே வந்தபோது மெக்கானிக் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அடியிலிருந்து அவருடைய கை மட்டும் வெளியே வந்து ரவுண்டின் கணுக்காலை ஒரு தரம் பிடித்துவிட்டு உள்ளே போனது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு, "கழுவுற வேலை நல்ல வேலைதான். அழுக்கு போச்சா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியும்" என்றாள். அதைக் குத்தலாகச் சொன்னாளா, ஆறுதலாகச் சொன்னாளா என்று அவருக்கு விளங்கவில்லை.

மகள் காலையிலிருந்து அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கைகளில் பெட்டியின் கைப்பிடி அழுந்திய இடம் கன்றியிருந்தது.

"நம்ம வண்டிக்கும் அதே மாதிரி ஒரு சீட்டு எழுதியிருக்கலாமே?"

"புத்தகத்தை வாங்கிக்கிட்டாங்கம்மா."

"எழுதினாலும் என் வேலை திரும்ப வராது."

"வராது."

அவள் எழுந்து உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தார். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எத்தனை பேருக்கு அந்த மாதிரி எழுதிக் கொடுத்தன்னு கேட்டேன். ஞாபகம் இல்லைன்னு சொன்ன. இப்ப ஞாபகப்படுத்திச் சொல்லு."

"எதுக்கும்மா?"

"ஒருத்தர் போய்க் கேட்டா ஓட்டத் தெரியலன்னு அனுப்பறாங்க. எல்லாரும் ஒரே நாள்ல போய்க் கேக்கட்டும். அவங்க எல்லாரையும் அடையாளம் தெரிஞ்ச ஆள் ஊர்ல நீ மட்டும்தான்."

"பேரெல்லாம் தெரியாது."

"பேர் வேண்டாம். எந்தக் கலர் வண்டி, யார், எங்கிருந்து வந்தாங்க. தெரிஞ்சதைச் சொல்லு. நான் தேடிக்கறேன். எனக்கு வேற வேலை என்ன இருக்கு?"

ரவுண்டு கண்ணை மூடினார். அவருக்குத் தூங்க வேண்டும் போலிருந்தது. நோட்டில் ஒன்று என்று எண் போடும் சத்தம் கேட்டது.

"வெள்ளை வண்டி. ஸ்கூல் வாத்தியார். பங்குக்குப் பின்னாடி தெரு. கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பார். சீட் உயரமா இருக்குன்னுதான் வாங்கினார்."

"ம்."

"சிவப்பு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பேக்கரி வச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு மாசமா இருந்தா. நடுரோட்டுல நின்னுச்சுன்னு அழுதா. நான்..."

நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டார். மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். முழுக்கக் குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மூன்றாவது வண்டியைச் சொல்ல ஆரம்பித்தார்.